வீடு கட்டுவோர் கேள்வி–பதில்: பன்னிரண்டு மீட்டருக்குள் பூசையறை

கேள்வி: ஐயா, சிங்கப்பூர் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். அண்ணனும் நானும் சேர்ந்து ஒரு பழைய ஒற்றைத் தள செமி-டி (ஒரு பக்கச் சுவரைப் பக்கத்து வீட்டோடு பகிரும் வீடு) வாங்கியிருக்கிறோம். அதை இடித்துவிட்டு, கீழே அம்மா, முதல் மாடியில் அண்ணன் குடும்பம், இரண்டாம் மாடியில் நாங்கள், உச்சியில் பூசையறை என்று கட்ட ஆசை. பூசையறைக்கு மேல் யாரும் நடமாடக் கூடாது என்பதில் அம்மா உறுதியாக இருக்கிறார். ஆனால் ஆர்க்கிடெக்ட், "இது இரண்டு மாடிப் பகுதி, 12 மீட்டர்தான்" என்கிறார். இரண்டு மாடிதானே நாங்களும் கேட்கிறோம்? எதிர்த்த வீடு மூன்று தளமாக நிற்கிறதே!

பதில்: தம்பி, முதல் சிக்கல் நம் மொழியிலேயே இருக்கிறது. ஊரில் இரண்டு மாடி வீடு என்றால் தரைத்தளத்துக்கு மேல் இரண்டு. இங்கே தரைத்தளமே முதல் தளம். நகர மறுசீரமைப்பு ஆணையம் இரண்டு தளம் என்று சொன்னால் கீழே ஒன்று, மேலே ஒன்று, அவ்வளவுதான். வரைவாளராக 31 வருடம் ஆர்க்கிடெக்ட் அலுவலகங்களில் உட்கார்ந்திருந்தேன். இந்த ஒரு சொல்லால் முகம் வாடிப்போன குடும்பங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். மனை வாங்குவதற்கு முன்பே யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

எந்தத் தெருவில் எத்தனை தளம் என்பதை ஆணையத்தின் தரைவீட்டுப் பகுதித் திட்டம் (அடுக்குமாடி அல்லாத, மனையோடு கூடிய வீடுகளுக்கானது) சொல்கிறது. இரண்டு தளப் பகுதியில் உச்ச உயரம் 12 மீட்டர், மூன்று தளப் பகுதியில் 15.5 மீட்டர். எல்லைக்கோடு சாலையின் நடுவில் ஓடினால் எதிர்வரிசைக்கு வேறு விதி இருக்கக்கூடும். ஆனாலும் எதிர்வீட்டை இன்னொரு தடவை நன்றாகப் பாருங்கள். நீங்கள் மூன்றாம் தளம் என்று நினைப்பது கூரைக்குள் அமைந்த அட்டிக்காக இருக்கலாம். இரண்டு தளப் பகுதியிலும் அட்டிக்குக்கு இடமுண்டு.

2015-இல் விதி மாறியது உங்களுக்கு நல்லதே. அதற்கு முன் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி உயர வரம்பு இருந்தது. இப்போது உறை முறை. ஆணையம் ஒரு கண்ணுக்குத் தெரியாத பெட்டியை உங்கள் மனைமேல் கவிழ்த்துவைக்கிறது. முன்னும் பின்னும் ஓர் உயரத்துக்கு மேல் அந்தப் பெட்டி 45 பாகையில் உள்நோக்கிச் சாயும். அதற்குள் தளங்களை எப்படிப் பிரிப்பது என்பது பெரும்பாலும் உங்கள் விருப்பம்.

அந்தப் பன்னிரண்டு மீட்டரைச் சம்பளப் பணம்போல எண்ணிச் செலவிடுங்கள். கூடத்துக்கு 5 மீட்டர் கொடுத்தால் பார்க்க அழகுதான். அதற்கு மேல் அண்ணன் தளத்துக்கு 3.5 என்றால் கூரைக்கு மிஞ்சுவது 3.5. சரிவும் கூரைத் தடிமனும் போக, நடுவில் மட்டுமே நிமிர்ந்து நிற்கலாம், ஓரமெல்லாம் பெட்டி அடுக்கத்தான் ஆகும். கீழே 3.6, மேலே 3.3 என்று அடக்கிப் பாருங்கள். 5.1 மீட்டர் மிஞ்சும். உங்கள் குடும்பம் அங்கே கௌரவமாகக் குடியிருக்கலாம். உத்தரமும் ஏர்கான் குழாயும் பொய்க்கூரையும் போக, 3.3-இல் உள்ளே 2.7 கிடைத்தால் போதாதா? நீங்கள் இப்போது இருக்கும் வீவக வீட்டில் ஏறத்தாழ 2.6-தான்.

தரைப்படம் பார்த்துச் சம்மதம் சொல்லாதீர்கள். வெட்டுத்தோற்றம் கேளுங்கள், அதாவது வீட்டைக் கேக்போல நறுக்கிப் பார்க்கும் படம். தண்ணீர்த் தொட்டி, மின்தூக்கியின் தலைப்பகுதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். இன்னொன்று, வெள்ளம் புகாமலிருக்கப் பொதுப் பயனீட்டுக் கழகம் குறைந்தபட்சத் தரை மட்டம் விதிக்கிறது. பழைய வீடுகள் சாலையைவிடத் தாழ்ந்து கிடப்பதுண்டு. மண்போட்டு உயர்த்தவும் அனுமதி வேண்டும். ஆகவே மட்ட அளவீடு முதலில், வரைபடம் பிறகு.

இனி பூசையறை. இதைத்தான் நான் எழுத வந்தேன். என் அம்மாவும் உங்கள் அம்மா சொன்னதையேதான் சொன்னார். எங்கள் வீட்டுப் படத்தை நானே வரைந்தேன், பூசையறையை அட்டிக்கில் வைத்தேன். சரிவின் கீழே, கிழக்குப் பார்த்து, அழகாக அமைந்தது. நாலு வருடம் அம்மா ஏறினார். பிறகு முழங்கால் விட்டுவிட்டது. கடைசி ஆறு வருடமும் அடுப்படி அலமாரியில், மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு முருகன் படத்தை வைத்து விளக்கேற்றினார். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதனால் சொல்கிறேன், பூசையறையைக் கீழே வையுங்கள், அதற்கு மேல் எதுவும் கட்டாதீர்கள். பின்பக்கமோ பக்கவாட்டிலோ, மனை எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளியை விட்டு, ஒற்றைத் தளமாக ஒரு சிறு அறை. அதன் கூரையில் ஒரு கண்ணாடிச் சாளரம். மேல் தளத்தில் அந்த அளவு இடம் குறையும், குறையட்டும். அம்மா அறையிலிருந்து பத்தடியில் விளக்கு இருக்கும், தலைக்கு மேல் யாரும் நடக்கவும் மாட்டார்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டை இடித்துப் பெரிதாகக் கட்டப்போகிறார்கள். எங்கள் துளசி மாடத்துக்கு வெயில் வராது. உயரத்தைக் குறைக்கச் சொல்ல முடியுமா? – ஒரு வாசகி, சிராங்கூன்

பதில்: உறைக்குள் கட்டினால் உயரத்துக்கு உங்கள் சம்மதம் தேவையில்லை, அம்மா. கசப்பாக இருந்தாலும் அதுதான் நிலை. உங்கள் வீட்டைக் காப்பதில் கவனம் வையுங்கள். இடிக்கத் தொடங்குமுன் உங்கள் சுவர், தரை, கூரையின் நிலையை ஒப்பந்தக்காரர் செலவில் ஆய்வு செய்து, படமெடுத்து, ஒரு பிரதி தரச் சொல்லுங்கள். பிறகு விரிசல் வந்தால் பேச ஆதாரம் இருக்கும். குடியிருப்பை ஒட்டிய கட்டுமான இடத்தில் சனி இரவு 10 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை வேலை கூடாது என்பது தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் விதி. துளசியை முன்வாசலுக்கு மாற்றுங்கள். வீட்டின் முன்புறம் சாலையிலிருந்து உள்வாங்கியே கட்ட வேண்டும் என்பதால் அங்கே வெளிச்சம் ஓரளவு மிஞ்சும்.

கேள்வி: பாய லேபார் விமானத் தளம் போய்விடுமாமே, அப்புறம் எங்கள் வரிசை வீட்டில் இன்னும் ஒரு தளம் ஏற்றலாம், காத்திரு என்கிறார் கணவர். கூரை ஒழுகுகிறது. – ஹவ்காங் வாசகி

பதில்: காத்திருக்க வேண்டாம். விமானத் தளத்தை இடம் மாற்றும் திட்டம் 2013-இல் அறிவிக்கப்பட்டது, 2030-களில்தான் இடம்பெயரத் தொடங்கும். விமானப் பாதைக்கான உயரக் கட்டுப்பாடு பெரிதும் உறுத்துவது அடுக்குமாடிக் கட்டடங்களை. உங்கள் வீட்டுக்குத் தள எண்ணிக்கையை வகுப்பது தரைவீட்டுப் பகுதித் திட்டம். விமானங்கள் போனால் அது தானாக மாறிவிடாது. பருவமழைக்கு முன் ஓடு மாற்றுங்கள்.