கறள் பிடித்த நியூற்றல் சுவிச்

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னுடையது 1998 ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 110, ஓட்டோ கியர். சில கிழமைகளாகத் திறப்பைத் திருப்பினால் ஸ்ராட்டர் சுற்றுவதில்லை. கியரை பார்க்குக்கும் நியூற்றலுக்கும் நாலைந்து தரம் ஆட்டினால் சுற்றுகிறது. நியூற்றல் சுவிச் (கியர் பார்க்கிலோ நியூற்றலிலோ இருந்தால் மட்டும் ஸ்ராட்டரைச் சுற்றவிடும் சுவிச்) போய்விட்டது என்றார்கள். புதியது வாங்கி வைத்துக்கொண்டு பழையதைக் கழற்றப் பார்த்தேன். இரண்டு போல்ற்றும் வந்துவிட்டன. சுவிச் கையால் இடம் வலமாகத் திரும்புகிறது, ஆனால் கியர்பெட்டியிலிருந்து வரும் தண்டை விட்டு வெளியே வர மறுக்கிறது. சுத்தியலால் தட்டிக் கழற்றலாமா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: தட்ட வேண்டாம். முதலில் ஒன்றைப் பாருங்கள். நீங்கள் இரண்டு போல்ற் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். நடுத்தண்டில் கியர் கேபிள் பிடிக்கும் லிவரும், அதன் கீழே தட்டையான ஒரு நட்டும் இருக்கும். அந்த நட் சுழன்று கழராமல் இருக்க, அடியிலுள்ள வோஷரின் ஓரத்தை மேலே மடித்து நட்டின் பக்கத்தோடு அணைத்திருப்பார்கள். இருபது வருட ஒயிலும் புழுதியும் சேர்ந்து அந்த இடம் ஒரே கறுப்புக் களியாகக் கிடப்பதால் பலரது கண்ணுக்கு இந்த நட் தெரிவதேயில்லை. அது இருக்கும்வரை சுவிச் எப்படி வரும்? தூரிகையாலும் கொஞ்சம் மண்ணெண்ணெயாலும் கழுவிவிட்டுப் பாருங்கள். மடித்த ஓரத்தைச் சிறிய ஸ்குறூ டிறைவரால் கீழே சாய்த்த பிறகே நட்டைத் திருப்ப வேண்டும்.

தட்டையான நட்டுக்கு முன் லிவரைக் கழற்ற வேண்டும். லிவரை மேலே பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தும்போது லிவரை மற்றக் கையால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் ஸ்பானரின் முறுக்கு முழுவதும் தண்டு வழியாகக் கியர்பெட்டிக்குள் போகும். உள்ளே தண்டோடு கியர்நிலைத் தகட்டைச் சேர்த்து வைத்திருப்பது ஒரு சிறிய ஊசி மட்டுமே. சுத்தியல் வேண்டாம் என்பதற்கும் அதுவே காரணம். அந்த ஊசி முறிந்தால், ஒரு சுவிச்சுக்காகப் பெட்டியையே திறக்க வேண்டி வரும்.

நட்டும் கழன்றபின் சுவிச் வரவில்லை என்றால், அது தண்டில் கறள் பிடித்து ஒட்டியிருக்கிறது. சுவிச் திரும்புவதை வைத்து ஏமாறாதீர்கள். சுவிச்சுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. வெளிக்கூடு ஒன்று, தண்டின் தட்டையான பக்கங்களைக் கவ்விக்கொண்டு தண்டோடு சேர்ந்து சுற்றும் உள் வளையம் மற்றது. போல்ற்றுகள் இல்லாதபோது கூடு வளையத்தைச் சுற்றித் தாராளமாகத் திரும்பும். ஒட்டியிருப்பது வளையம்தான். ஆகவே கூட்டை ஒரு நாள் முழுக்கத் திருப்பினாலும் கறள் விடாது.

செய்ய வேண்டியது இது. பற்றறியின் மைனஸ் வயரைக் கழற்றி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பற்றறியையும் அதன் தட்டையும் எடுத்துவிடுங்கள். கை போக இடம் கிடைக்கும். வெளியே தெரியும் தண்டின் பகுதியை எமரித்தாளால் சுற்றிச் சுற்றித் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். வளையம் அந்தப் பகுதியைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். அங்கே கறள் மேடு இருந்தால் பாதி வழியில் மறுபடி இறுகிவிடும். பிறகு கறள் இளக்கும் ஒயிலை வளையத்துக்கும் தண்டுக்கும் இடையில் சொட்டுச் சொட்டாக விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் இன்னொரு தரம். ஊறவிடப் பொறுமை இல்லாததால்தான் பல சுவிச்சுகள் உடைகின்றன.

அடுத்து, இரண்டு தட்டை ஸ்குறூ டிறைவர்களை எதிரெதிர்ப் பக்கங்களில், நடுத்தண்டுக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட நுழைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் மெல்ல நெம்புங்கள். கியர்பெட்டியின் உடல் அலுமினியம், அதனால் நெம்பும் இடத்தில் மெல்லிய தகடொன்றை வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் வளையம் சரிந்து மேலும் இறுகும். அரை மில்லிமீற்றர் வந்ததும் நிறுத்தி, திரும்ப உள்ளே தள்ளி, ஒயில் விட்டு, மறுபடி நெம்புங்கள். சிறிய இருகால் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) இருந்தால் இன்னும் நல்லது. தண்டின் நுனியில் நட்டை மட்டமாகப் பூட்டிவிட்டு அதன் மேல் புல்லரின் நடுத்திருகை வையுங்கள், மரை கெடாது. சூடு காட்டுவதானால் ஹீற் கன் (சூடான காற்று ஊதும் கருவி) மட்டும் போதும். சுவிச்சுக்குப் பின்னால் தண்டின் ஒயில் சீல் இருக்கிறது, காஸ் தீ பட்டால் கருகிவிடும்.

உங்களிடம் புதிய சுவிச் இருப்பதால் இன்னொரு வழியும் திறந்திருக்கிறது, நேரம் மிச்சமாவது அதில்தான். கூட்டை உடைத்தே எடுத்துவிடுங்கள். வளையத்தில் உலோகம் இருந்தால் சிறிய வெட்டுச்சில்லால் நீளவாக்கில் தடிப்பின் முக்கால் பங்குவரை கீறி, அந்தக் கீறலில் ஸ்குறூ டிறைவரை வைத்துத் திருகினால் பிளந்துகொள்ளும். முழுவதும் கீறப் போனால் தண்டில் தழும்பு விழும், அதன் வழியே ஒயில் கசியவும் கூடும்.

வளையம் போனபின் சீல் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஈரமென்றால் இப்போதே மாற்றுங்கள், ஏனென்றால் பழைய சுவிச்சுக்குள் கியர் ஒயில் போயிருந்தால் புதியதற்குள்ளும் போகும். தண்டில் கிறீஸ் மெல்லிய படலமாகப் பூசிப் புதியதை வையுங்கள். வோஷர் கட்டாயம் புதிதாக இருக்கட்டும். மடித்த ஓரம் இரண்டாம் தரம் மடிக்கையில் ஒடியும். நடு நட்டுக்கு 7 நியூட்டன்-மீற்றர் அளவும் போல்ற்றுகளுக்கு 5 அளவும் போதும். அதாவது சிறிய ஸ்பானரைக் கிட்டப் பிடித்து மணிக்கட்டால் இறுக்கும் இறுக்கம்.

கேள்வி: பார்க்கில் ஸ்ராட் ஆகாத எனது பழைய கொரோலா நியூற்றலில் மட்டும் ஸ்ராட் ஆகிறது. சுவிச் மாற்ற வேண்டுமா?
– வாசகர், மட்டக்களப்பு

பதில்: மாற்றுவதற்கு முன் சுவிச்சின் நிலையைச் சரிசெய்து பாருங்கள். உள்ளே பார்க்குக்கும் நியூற்றலுக்கும் தனித்தனி இடங்களில் தொடுமுனைகள் உண்டு. கூடு இரண்டு மூன்று பாகை நகர்ந்தாலே ஒன்று தொடும், மற்றது தொடாது.

கியர்பெட்டி லிவரிலிருந்து கேபிளை விடுவித்து, லிவரைப் பார்க் பக்கம் கடைசிவரை தள்ளுங்கள். அங்கிருந்து இரண்டு 'டொக்' திரும்பி வந்தால் நியூற்றல் (முதல் 'டொக்' றிவேர்ஸ்). சுவிச்சின் இரண்டு போல்ற்றையும் தளர்த்தி, கூட்டில் கீறியிருக்கும் நியூற்றல் கோட்டைத் தண்டின் பள்ளத்துக்கு நேராகக் கொண்டுவந்து இறுக்குங்கள். பிறகு கேபிளைப் பூட்டும்போது உள்ளே கியர்க் கைப்பிடியும் நியூற்றலில் இருக்க வேண்டும். கேபிள் நீண்டதால் வந்த கோளாறைச் சுவிச்சை நகர்த்திச் சமாளிப்பது தவறு, பார்க்கில் விட்ட கார் முழுமையாகப் பூட்டாமல் நிற்கும்.

முடித்தபின் பிறேக்கை அழுத்திக்கொண்டு, முன்னும் பின்னும் ஆளில்லாத இடத்தில் எல்லா நிலையிலும் திறப்பைத் திருப்பிப் பாருங்கள். பார்க், நியூற்றல் இரண்டில் மட்டும் சுற்ற வேண்டும். றிவேர்ஸ் லைற் றிவேர்ஸில் மட்டும் எரிய வேண்டும், அதற்கான மின்னும் இதே சுவிச் வழியாகத்தான் போகிறது.

கேள்வி: நியூற்றல் சுவிச்சில் ஸ்ராட்டருக்கான இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிட்டால் பிரச்சினை தீரும் என்கிறார் ஒரு நண்பர். செய்யலாமா?
– வாசகர், வவுனியா

பதில்: கோளாறு சுவிச்சில்தானா என்று அறிய ஒரு தரம் சேர்த்துப் பார்க்கலாம், அதுவும் கியர் பார்க்கில் இருக்கும்போது. அப்படியே விட்டு ஓடக் கூடாது. டிறைவில் கிடக்கும் காரில் பிள்ளை ஒன்று திறப்பைத் திருப்பினால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

உண்மையில் வயரை வெட்டாமலே சோதிக்கலாம். ஒருவர் திறப்பைத் திருப்பிப் பிடிக்க, ஸ்ராட்டரின் சிறிய வயரில் மீற்றர் வைத்துப் பாருங்கள். 8 வோல்ற் அல்லது அதற்கு மேல் வந்தும் ஒரேயொரு 'டிக்' சத்தத்தோடு ஸ்ராட்டர் நின்றால் சுவிச் குற்றவாளி அல்ல. ஸ்ராட்டருக்குள் இருக்கும் செப்புத் தொடுமுனைகள் தேய்ந்திருக்கின்றன. பழைய டொயோட்டாக்களில் இது அடிக்கடி வரும். வோல்ற்றே வராமல், கியரை ஆட்டும்போது வந்து போனால் மட்டும் நியூற்றல் சுவிச் பக்கம் போங்கள்.

கேள்வி: மஸி பேர்கஸன் 240 உழவு இயந்திரத்திலும் இப்படியொரு சுவிச் இருக்கிறதாமே? கழற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: இருக்கிறது. ஹை-லோ லிவர் (வேகமான, மெதுவான கியர் வரிசைகளை மாற்றும் லிவர்) நடுநிலையில் நின்றால்தான் ஸ்ராட்டர் சுற்றும். சுவிச் கியர்பெட்டியின் மேல்மூடியில் மரையோடு திருகிப் பூட்டப்பட்டது. வயல் சேறு அதைச் சுற்றி இறுகியிருக்கும். கழற்றுமுன் கழுவித் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் துளை வழியே மண் நேரே கியரில் விழும். இறுகியிருந்தால் திறந்த வாய் ஸ்பானர் போட வேண்டாம், விளிம்பு மழுங்கிவிடும். ஆழமான பொக்ஸ் ஸ்பானர் போட்டு, முதலில் ஒரு மயிரிழை இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். சுவிச்சின் அடியில் இருந்த வோஷரை எறிந்துவிடாதீர்கள். அதன் தடிப்புத்தான் சுவிச்சின் முளை எவ்வளவு உள்ளே போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. தடித்த வோஷர் போட்டால் முளை எட்டாது, புதிய சுவிச்சும் பழையது போலவே கிடக்கும்.