இரண்டு வெள்ளைப்பூ சென்ட்: எதை வாங்குவது?

கேள்வி: மல்லிகையும் ஆரஞ்சுப் பூவும் சேர்ந்த ஓ டி டாய்லெட் (வாசனை எண்ணெய் பொதுவாகக் குறைந்த வகை) ஒன்று, சம்பங்கியும் கார்டேனியாவும் சேர்ந்த ஓ டி பர்ஃபம் (எண்ணெய் கூடிய வகை) ஒன்று. இரண்டுமே பிடித்திருக்கின்றன. நாள் முழுக்க ஏசி அறையில் வேலை. "பர்ஃபம்தான் உசத்தி, நெடுநேரம் நிற்கும்" என்கிறார் விற்பவர். எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் வேலைக்கு மல்லிகைதான். ஆனால் இன்றே வாங்கிவிடாதீர்கள்.

கடையில் அட்டையில் முகர்ந்தது முதல் கால் மணி நேரத்து வாசனை. வெள்ளைப்பூக்களின் சுயரூபம் அதற்குப் பிறகே தெரியும். மல்லிகையில் இண்டோல் என்றொரு பொருள் உண்டு. துளியளவில் அதுதான் பூவுக்கு உயிர். கூடினால் பாச்சை உருண்டை நெடி. சம்பங்கி முதலில் வலித் தைலம்போலச் சில்லென்று எழும், பிறகு வெண்ணெய்போலக் கனத்து இனிக்கும். மூடிய அறையில் பக்கத்தில் இருப்பவருக்கு அது தலைவலி.

இரண்டிலும் 2 மில்லி சாம்பிள் வாங்குங்கள். வாசனையில்லாத சோப்பில் கழுவிய முழங்கை மடிப்பில் ஒரே ஒரு முறை அடியுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று. தேய்க்காதீர்கள். கால் மணி, இரண்டு மணி, ஆறு மணி நேரம் கழித்து முகருங்கள். காபிக்கொட்டை மூக்கைச் சரிசெய்யாது, வெளிக்காற்றே போதும்.

"உசத்தி" என்ற பேச்சை விடுங்கள். பர்ஃபம் என்றால் பொதுவாக வாசனை எண்ணெய் கூடுதல், அவ்வளவுதான். எத்தனை மணி நேரம் நிற்கும் என்பது கலவையைப் பொறுத்தது. அந்தக் கலவையின் பெரும்பகுதியோ பெட்டியில் "ஃப்ராக்ரன்ஸ்" அல்லது "பர்ஃபம்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது; விதிகளே அதை அனுமதிக்கின்றன. காசு கொடுப்பவர் எதை வைத்து முடிவெடுப்பார்?

கார்டேனியாவின் "அசல் பூச்சாறு" என்று கூடுதல் விலை கேட்டால் நகர்ந்துவிடுங்கள். அந்தப் பூவிலிருந்து சாறு எடுப்பது மிக அரிது. வேறு பொருட்களைக் கலந்தே அந்த மணத்தை உருவாக்குகிறார்கள். கடையில் முகர்ந்து பார்க்க வைக்கும், பெட்டியில்லாத மலிவு "டெஸ்டர்" பாட்டிலையும் இடைத்தரகரிடம் வாங்காதீர்கள், உள்ளே என்ன ஊற்றியிருக்கிறது என்பது அவருக்குத்தான் வெளிச்சம். பெட்டியிலும் பாட்டிலின் அடியிலும் பேட்ச் எண் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். பொருள் பட்டியலில் பியூட்டைல்ஃபினைல் மெத்தில்புரோபியோனல் என்ற செயற்கை வாசனைப் பொருள் இருந்தால் அநேகமாகப் பழைய சரக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச்சிலேயே அதைத் தடைசெய்துவிட்டது.

நீங்களே முகர்ந்து பார்ப்பதில் ஒரு விதிவிலக்கு. செயற்கைக் கஸ்தூரி வகைகளில் சிலவற்றைச் சிலரின் மூக்கு அறியவே அறியாது. பூ மணம் அடங்கியதும் எஞ்சுவது பெரும்பாலும் அந்தக் கஸ்தூரிதான் என்பதால், ஒரு மணி நேரத்தில் எல்லாம் போய்விட்டது என்று அவர்கள் நினைப்பார்கள். எதிரே இருப்பவருக்கோ நன்றாகவே வீசும். மூக்கு பழகிப்போனாலும் இதே கதைதான், ஆனால் வெளியே போய்த் திரும்பினால் பழகிய மூக்கு தெளியும், கஸ்தூரியை அறியாத மூக்கு தெளியாது. ஆகவே நான்காவது மணி நேரத்தில் வேறொருவரை முகரச் சொல்லுங்கள். அவர் இருக்கிறது என்றால் மறுபடி அடிக்க வேண்டாம்.