பளுதூக்கும் பயிற்சிக்கு மகளை அனுப்பலாமா?

அன்புள்ள அம்மா,

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளைப் பளுதூக்கும் பயிற்சியில் சேர்க்கும்படி உடற்கல்வி ஆசிரியர் கேட்கிறார், உறவினர்களோ உயரம் நின்றுவிடும் என்று பயமுறுத்துகிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகச் சேருங்கள். ஆனால் யாரிடம் சேர்க்கிறீர்கள் என்பதில் மட்டும் துளியும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முறையான மேற்பார்வையில் செய்யும் பளுப் பயிற்சி வளர்ச்சியைத் தடுக்கும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. இந்த விளையாட்டில் பலர் குட்டையாக இருப்பதைப் பார்த்துத்தான் அந்தப் பேச்சு வருகிறது. குட்டையான உடல்வாகு இதற்கு வசதி என்பதால் அப்படிப்பட்டவர்கள் இதில் நிலைக்கிறார்கள், அவ்வளவுதான்.

போட்டியில் இரண்டே வகைத் தூக்கல்கள். ஸ்நாட்ச்சில், எடைத் தட்டுகள் மாட்டிய கம்பியைத் தரையிலிருந்து தலைக்கு மேல் ஒரே மூச்சில் தூக்க வேண்டும். கிளீன் அண்ட் ஜெர்க்கில் முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்புகள். இரண்டிலும் சிறந்ததைக் கூட்டி மொத்தம் போடுவார்கள். ஸ்நாட்ச்சின் மூன்று வாய்ப்புகளும் தவறினால் மொத்தக் கணக்கே கிடையாது. கம்பி மேலே போன பிறகு முழங்கை மடங்கி நிமிர்ந்தாலும் நடுவர்கள் சிவப்பு விளக்கைப் போடுவார்கள், அந்தத் தூக்கல் செல்லாது. டோக்கியோ ஒலிம்பிக்கில் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்ற மீராபாய் சானு, 2024இல் பாரிஸில் 199 கிலோ தூக்கி நான்காம் இடம் பெற்றார். வெண்கலம் வென்றவர் தூக்கியது 200; ஒரே கிலோவில் பதக்கம் நழுவியது. நுட்பம் இல்லாமல் முரட்டு பலத்தை மட்டும் நம்பி இங்கே காலம் தள்ள முடியாது.

அதனால் ஒரு மாலை பயிற்சிக் கூடத்தில் போய் உட்காருங்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கையில் என்ன இருக்கிறது என்று கவனியுங்கள். வெறும் குச்சியோ பிளாஸ்டிக் குழாயோ இருந்தால் நல்ல இடம். பெண்களுக்கான போட்டிக் கம்பி, தட்டு மாட்டாமலேயே 15 கிலோ. கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்களால் மூடிப் பிடிப்பது, முதுகு வளையாமல் எழுவது, முடியாதபோது கம்பியைப் போட்டுவிட்டு விலகுவது, இவை கைவரவே மாதக்கணக்கில் ஆகும். சேர்ந்த வாரமே தட்டுகளை மாட்டி ‘தூக்கு பார்க்கலாம்’ என்பவரிடம் பிள்ளையை விடாதீர்கள். தெருமுனை ஜிம்மில் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் தோளில் பளுவுடன் உட்கார்ந்து எழும் ஸ்குவாட், படுத்தபடி தூக்கும் பெஞ்ச் பிரஸ், தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் கொண்ட வலுதூக்குதல் (பவர்லிஃப்டிங்). அதுவும் நல்ல விளையாட்டுதான், ஆனால் ஒலிம்பிக்கில் இல்லை.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். போட்டி உடல் எடைப் பிரிவுகளில் நடக்கும். கீழ்ப் பிரிவில் இறக்குவதற்காகச் சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வளரும் பெண் தன் இயல்பான எடைக்குரிய பிரிவில் தூக்கட்டும். மாதவிடாய் தவறினால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். டப்பாவில் வரும் புரதப் பொடி வகைகளும் வேண்டாம்; அவற்றில் தடை செய்யப்பட்ட ஊக்கமருந்து கலந்திருந்தால் அதற்கும் வீரர்தான் பொறுப்பு.

வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். வேலூரைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்றவர். தெற்கு ரயில்வேயில் பணி பெற்றவர். ரயில்வே, ராணுவம், காவல் துறை ஆகியவை விளையாட்டு வீரர்களை எடுக்கின்றன. தமிழக அரசுப் பணிகளிலும் விளையாட்டு இடஒதுக்கீடு உண்டு. ஆனால் மாவட்டப் பதக்கம் ஒன்றை வைத்துக்கொண்டு இந்தக் கதவுகளைத் தட்ட முடியாது. அங்கீகாரம் பெற்ற சங்கம் நடத்தும் மாநில, தேசியப் போட்டிகளின் சான்றிதழ்கள்தான் பேசும். அந்த நிலைக்கு வர ஆண்டுகள் பிடிக்கும், பலர் வருவதுமில்லை. ஆகவே படிப்பு கூடவே ஓடட்டும்.

அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு வருகிறது. அந்த மாதங்களில் பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை. வாரம் மூன்று நாளாகக் குறைத்துத் தரும்படி பயிற்சியாளரிடம் சேர்க்கும்போதே பேசிவிடுங்கள். அதற்கு அவர் முகம் சுளித்தால் வேறு கூடம் பாருங்கள்.