கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: தனக்குத்தானே ஊரடங்கு போட்டுக்கொண்ட ஊர் எங்காவது உண்டா?
- வாசகி, தேனி

பதில்: உண்டம்மா. இங்கிலாந்தில், டார்பிஷயரின் ஈம் கிராமம். 1665-ல் லண்டனிலிருந்து தையற்காரருக்கு வந்த துணிமூட்டையோடு பிளேக்கும் வந்ததாகச் சொல்வார்கள். மறு ஆண்டு, பாதிரியார் வில்லியம் மாம்பெசனின் பேச்சைக் கேட்டு, எல்லை தாண்டுவதில்லை என்று ஊரே முடிவெடுத்தது. வெளியூர்க்காரர்கள் எல்லையில் சாப்பாட்டுச் சாமான்களை வைத்துவிட்டுப் போவார்கள். அங்கே ஒரு கல். அதில் ஆறு குழிகள். நோய் தொற்றாமலிருக்கக் குழியில் வினிகர் ஊற்றி, அதற்குள் சாமான்களுக்கான காசை ஈம் மக்கள் போட்டுவைப்பார்கள். அந்தக் கல் இன்றும் இருக்கிறது.

எலிசபெத் ஹான்காக் என்ற தாய் 1666 ஆகஸ்டில், எட்டே நாளில், கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தார். எழுதும்போதே நெஞ்சு அடைக்கிறது. மாண்டவர்கள் சுமார் 260 பேர். மாம்பெசனின் மனைவி கேத்தரினும் அதில் ஒருவர். ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று ஊர்மக்கள் இன்றும் கூடி வழிபடுகிறார்கள்.