கணினி அதிகம் தெரியாத வீட்டாருக்கு லினக்ஸ் சரிப்பட்டு வருமா?

வரும். லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரியே கணினியை இயக்கும் ஒரு இலவச மென்பொருள். ஆனால் யாருக்கு வரும், யாருக்கு வராது என்று நான் போட்ட கணக்கு தலைகீழாகிப் போனது. அம்மாவுக்கு இரண்டே நாளில் பழகிவிட்டது. இருபது வருடமாகக் கம்ப்யூட்டரில் பில் போடும் சித்தப்பா, இரண்டு வாரத்தில் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டார்.

எங்கள் வீடு மும்பை தாராவியில், தொண்ணூறடி ரோட்டுக்குப் பக்கம். வீட்டில் கிடந்தது ஐந்தாம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசஸர், 4 ஜிபி ராம் கொண்ட பழைய லேப்டாப். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். நன்றாக ஓடுகிற மெஷினைக் காயலான் கடைக்குப் போட மனசு வரவில்லை. லாமிங்டன் ரோட்டில் பழைய ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக வேகமான 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி மாட்டி, லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22 போட்டேன். 2029 வரை அதற்குப் புதுப்பிப்பு வரும்.

அம்மா எங்கள் தெரு மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறார். யூடியூப், வாட்ஸ்அப், செய்தித்தாள், குழுவுக்கு மாதம் ஒரு நோட்டீஸ், அவ்வளவுதான் தேவை. முதல் மூன்றும் பிரவுசரிலேயே முடிந்துவிடும். அங்கே விண்டோஸா லினக்ஸா என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. நோட்டீஸில்தான் சிக்கல். அம்மா கல்யாணத்துக்கு முன் திருநெல்வேலியில் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவர். போனில் ஒரு விரலால் தட்டுவது அவருக்குப் பிடிக்காது. "பழைய மிஷின் மாதிரி வருமாய்யா?" என்று கேட்டார்.

வரும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. கீபோர்டு செட்டிங்கில் நேராகப் போய்த் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 என்ற விசைப்பலகை முறை கிடைக்கும், ஆனால் அது புள்ளியைத் தானாக வைக்காது. அதை விட்டுவிட்டு, 'ஐபஸ்-எம்17என்' (ibus-m17n) என்ற தொகுப்பைச் சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடிப் போட்டுக்கொள்ளுங்கள். அதிலுள்ள தமிழ்99-இல் அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு தட்டினால் 'அம்மா' வந்துவிடும், நடுவில் உள்ள புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஒலிப்பு முறையும் இருக்கிறது, பழைய தட்டச்சு முறையும் இருக்கிறது. தட்டச்சு முறையை வைத்துக் கொடுத்தேன். அம்மா ஒரு நிமிடம் கையைக் கீபோர்டின் மேல் சும்மா வைத்திருந்தார். பிறகு திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே 'அன்புடையீர்' என்று அடித்தார். ஒன்றிரண்டு எழுத்து இடம் மாறியிருக்கிறது என்று இன்றுவரை குறை சொல்கிறார். மெனுவை மட்டும் ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டோம். தமிழில் மாற்றினால் பாதி தமிழ், பாதி ஆங்கிலமாக வந்து இன்னும் குழப்பியது.

சித்தப்பா கதை வேறு. தோல் பை வியாபாரம், எல்லாக் கணக்கும் டேலி என்ற கணக்கு மென்பொருளில். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அவர் லேப்டாப்பிலும் மின்ட் போட்டேன். முதல் கேள்வி, "ஏலே, டி டிரைவ் எங்கல?" லினக்ஸில் சி, டி எல்லாம் கிடையாது, எல்லாம் ஒரே மரத்தின் கிளைகள் என்று விளக்கப் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டேன். அடுத்து விண்டோஸில் மட்டும் ஓடும் ஒரு எக்ஸி ஃபைலை இறக்கி டபுள் கிளிக் செய்துவிட்டு, "கெட்டுப்போச்சு" என்றார். டேலி விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது, லினக்ஸில் நேரடியாக ஓடாது. அவருடைய எக்ஸல் ஷீட்டுகளில் தானாகக் கணக்குப் போட வைத்திருந்த மேக்ரோக்களும், லினக்ஸில் எக்ஸலுக்குப் பதிலாக வரும் லிப்ரே ஆபீஸில் தடுமாறின. தப்பு அவர்மேல் இல்லை. விண்டோஸில் இத்தனை வருடம் கைக்குப் படிந்த பழக்கம் அத்தனையும் இங்கே காலை வாரியது. அம்மாவுக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை. கேரளத்து அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் பல வருடமாக லினக்ஸில்தான் படிக்கிறார்கள், அவர்கள் யாரும் டி டிரைவைத் தேடுவதில்லை.

இன்ஸ்டால் செய்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது அரை மணி நேர வேலை. ஆனால் வீட்டுப் பெரியவர்களைத் தனியாகச் செய்ய விடாதீர்கள், கூட ஒருவர் உட்கார வேண்டும். எங்கள் லேப்டாப்பில் வைஃபையே தெரியவில்லை. போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, போனின் நெட்டைக் கணினிக்குப் பகிரும் டெதரிங்கைப் போட்டதும் நெட் வந்தது, மின்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்ததும் வைஃபையை இயக்கத் தேவையான டிரைவர் மென்பொருளை அதுவே காட்டியது. இந்த ஒரு வழி தெரியாமல் லினக்ஸை விட்டு ஓடியவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

பிரிண்டரில் மட்டும் நான் தோற்றேன். பழைய லேசர் பிரிண்டர், மூன்று ராத்திரி உட்கார்ந்தும் ஒரு தாள்கூட வரவில்லை. இப்போது நோட்டீஸை பிடிஎஃப் ஆக்கி ஜெராக்ஸ் கடைக்கு அனுப்புகிறோம். புதிதாக வாங்குவதானால் நெட்வொர்க் வழியே நேராக அச்சிடும் ஏர்பிரிண்ட் வசதி உள்ளதாகப் பாருங்கள், பெரும்பாலும் டிரைவரே தேவைப்படாது.

ஆகவே எதையும் அழிப்பதற்கு முன் பென்டிரைவிலிருந்து மின்டை ஓடவிட்டுப் பாருங்கள். ஹார்டு டிஸ்கில் எதுவும் எழுதாமலே முழுதாக ஓடும், கொஞ்சம் மெதுவாக இருக்கும், அவ்வளவுதான். வைஃபை, சத்தம், கேமரா, பிரிண்டர் நான்கையும் அதிலேயே சோதித்துவிடலாம். டேலி ஓடாது என்பதும் அப்போதே தெரிந்திருக்கும். நான் அதைச் செய்யவில்லை. அதனால்தான் சித்தப்பாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து திரும்ப விண்டோஸ் போட்டுக் கொடுத்தேன்.

போன வாரம் அவரே போன் செய்தார். அவர் மகள் படிக்க ஒரு பழைய லேப்டாப் கிடைத்திருக்கிறதாம். "அந்த டி டிரைவ் இல்லாதத அதுல போட்டுக் குடுல, பிள்ளைக்கு அது போதும்."