முட்டைக் கடையில் கேட்க வேண்டிய கேள்வி

கேள்வி: கடையில் ஒரு முட்டை 8 ரூபாய். வீட்டில் ஐந்து பேர், ஆளுக்கு ஒன்று என்றாலே தினம் 40 ரூபாய் ஆகிவிடுகிறது. டிவியில் நாமக்கல்லில் 6 ரூபாய்ச் சொச்சம் என்கிறார்கள். நடுவில் உள்ள பணம் யார் பைக்குப் போகிறது? பாலுக்கு வைப்பதுபோல முட்டைக்கும் அரசாங்கமே விலை வைத்து, ஏற்றுமதியையும் நிறுத்தினால் என்ன?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: நடுப்பணத்தைப் பற்றிக் கேட்டீர்களே, அது நல்ல கேள்வி. மற்ற இரண்டும் கோபத்தில் கேட்டவை, அதனால் அவற்றை முதலில் முடித்துவிடுவோம்.

அரசாங்கம் விலை வைப்பது ஆவின் பாலுக்கு மட்டும்தான், தனியார் பாக்கெட் பால் தன் பாட்டுக்குத்தான் ஏறிக்கொண்டிருக்கிறது. ஏற்றுமதியா? 2025 ஜூனில் நாமக்கல்லிலிருந்து ஒரு கோடி முட்டை அமெரிக்காவுக்குப் போனது என்றதும் நம் பங்கை யாரோ கப்பலில் ஏற்றிவிட்ட மாதிரி ஒரே கூச்சல். அந்த வட்டாரப் பண்ணைகளில் ஒரு நாளில் கிடைப்பதே 5 கோடிக்கு மேல், போனது ஒரு காலை நேரத்துச் சரக்கு. அமெரிக்காவில் பறவைக் காய்ச்சலில் கோழிகள் கோடிக்கணக்கில் போய், 2025 மார்ச்சில் ஒரு டஜன் சராசரியாக 6 டாலர் 23 சென்ட் வரைக்கும் போனது. நம் கணக்கில் ஒரு முட்டை 45 ரூபாய்ப் பக்கம். அதைச் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்தப் போவதில்லை, திருச்சியில் சம்பளம் டாலரில் வருவதில்லை.

சரி, நாமக்கல்லில் ஏன் ஏறுகிறது? முட்டைக்கு ஆகும் செலவில் பெரும்பங்கு தீவனம், அதாவது மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். கோழி முட்டை போட்டாலும் போடாவிட்டாலும் தினம் 100 கிராமுக்கு மேல் தின்றுவிடும். சில வருடங்களாக, பெட்ரோலில் கலக்கும் எத்தனாலைச் செய்யும் ஆலைகளும் சோளத்துக்குப் போட்டிக்கு வந்துவிட்டன, உங்கள் ஸ்கூட்டருக்கும் கோழிக்கும் இப்போது ஒரே தீனி. தீவனம் ஏறி, கையைக் கடிக்கிறது என்று பண்ணைக்காரர் குஞ்சு விடுவதைக் குறைத்தால் அது அன்றைக்கே தெரியாது, மாதங்கள் கழித்துத்தான் தெரியும். பிறகு சோளம் இறங்கினாலும் உடனே சரியாகாது, ஏனென்றால் இன்றைக்கு விட்ட குஞ்சு முட்டை போட நாலரை, ஐந்து மாதம் ஆகும். அதற்குள் வடக்கே குளிர் வந்து, கேக் சீசனும் சேர்ந்துகொண்டால் 2025 நவம்பரில் நடந்ததுதான் நடக்கும்: பண்ணை விலையே 6 ரூபாயைத் தாண்டியது. இங்கே பாதித் தெரு மாலை போட்டிருந்தும்!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் கோழி தின்றால் கொரோனா வரும் என்று எவனோ கிளப்பிவிட, பண்ணை விலை 2 ரூபாய்க்குப் பக்கத்தில் விழுந்தது. அப்போது, பண்ணைக்காரருக்குக் கட்டுமா, அரசு ஒரு விலை வைக்கக் கூடாதா என்று நம் பத்திரிகைக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை.

இப்போது நடுப்பணம். டிவியில் நீங்கள் கேட்பது தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் பண்ணை வாசல் விலை, அதிலும் 'மைனஸ்' என்று சில காசு கழித்துக்கொண்டு வாங்கும் வியாபாரிகள் உண்டு. அப்புறம் லாரி வாடகை, ஏற்று இறக்குக் கூலி, உடைசல், மொத்தக் கடை, உங்கள் தெருக் கடை. இத்தனை பேர் கை மாறி வருவதற்கு ஒரு ரூபாய், ஒன்றேகால் ரூபாய் ஏறுவது நியாயம். 2 ரூபாய் அதிகம்தான். ஓட்டுடன் விற்கும் முட்டைக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதனால் 'வரி போடறாங்கம்மா' என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். அவருடைய வித்தை வேறு இடத்தில் இருக்கிறது. நாமக்கல்லில் 10 காசு ஏறினால் மறுநாள் காலை, நேற்று வாங்கி வைத்த அட்டைக்கும் சேர்த்து ஏற்றிவிடுவார்; 50 காசு இறங்கினால் 'இது பழைய ரேட்ல எடுத்ததும்மா' என்பார். புரட்டாசியில் விலை இறங்கியபோது உங்கள் கடையில் எவ்வளவு இறங்கியது என்று ஞாபகம் இருக்கிறதா? எனக்குத் தெரிந்து யாருக்கும் இருப்பதில்லை.

மொத்த விலையை இப்படி ஊரறியச் சொல்லும் பண்டங்கள் அதிகம் இல்லை. துவரம்பருப்புக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நீங்களோ அந்த எண்ணைக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விடுகிறீர்கள். கடையில் போய், 'நாமக்கல்ல குறைஞ்சு நாலு நாள் ஆச்சே, இங்க ஏன் குறையல?' என்று கேளுங்கள். தினமும் ஐந்து ஐந்தாக வாங்காமல் மொத்தக் கடையில் 30 முட்டை அட்டையாக எடுங்கள், ஐந்து பேருக்கு ஆறு நாள் வரும், ஃப்ரிட்ஜில் வைத்தால் அதற்குள் கெடாது. எண்ணிக் கொடுக்கிற பொருள் என்பதால் சைஸையும் பாருங்கள், பொடி முட்டைக்கும் பெரிய முட்டைக்கும் ஒரே காசு வாங்குகிறார்கள். பழுப்பு ஓடு என்பதற்காகக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள், ஓட்டின் நிறம் கோழியின் இனத்தால் வருவது, சத்தில் வித்தியாசம் இல்லை.

இவ்வளவும் செய்த பிறகும் அவர் 8 ரூபாய்தான் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். திருச்சியில் முட்டைக் கடைக்கா பஞ்சம்?