இளமையைப் பற்றிய ஒரு சோகப் பாட்டு எப்படி உருவாகிறது?

இந்த மாதிரிப் பாட்டுகளை ஒரே மூச்சில் எழுதிவிடுவார்களா, அந்த வலி ரெக்கார்டிங்கிலும் எப்படிக் கெடாமல் நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த பாட்டை வைத்தே சொல்கிறேன்: அமெரிக்கப் பாடகி ஜேனிஸ் இயனின் 'அட் செவன்டீன்'.

அப்போது அவருக்கு 22 வயது இருக்கும். அம்மா வீட்டு மேஜையில் கிதாரும் கையுமாக உட்கார்ந்து நியூயார்க் டைம்ஸ் படித்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு பணக்கார வீட்டுப் பெண்ணின் கதை. பெரிய மனிதர்கள் முன்னால் நடன விருந்தில் அறிமுகமாகிவிட்டால் வாழ்க்கையே மாறிவிடும் என்று நம்பியிருக்கிறாள்; ஒன்றும் மாறவில்லை. 18 வயதில் உண்மையைத் தெரிந்துகொண்டேன் என்று அவள் சொன்னது இயனுக்கு முதல் வரியாகிவிட்டது. ஆனால் மெட்டில் 18 உட்காரவில்லை, 17 உட்கார்ந்தது.

முதல் வரி அப்படிச் சட்டென்று வந்தாலும், முழுப் பாட்டையும் முடிக்க சுமார் மூன்று மாதம் பிடித்தது. காரணம் புரிகிறது. அடுத்த வரிகளுக்குத் தன் பள்ளிக் காலத்தைக் கிளற வேண்டியிருந்தது. அழகில்லாத பெண்கள் வெள்ளிக்கிழமை இரவுகளில் வீட்டிலேயே இருந்துகொண்டு, போனில் யாரோ காதலன் பேசுவதாகக் கற்பனை செய்வதைப் பாடுகிறார். பிறர் போட்டுக் கழித்த உடுப்பு, கூடைப்பந்துக்கு ஆள் பிரிக்கும்போது கடைசிவரை கூப்பிடப்படாத பெயர் எல்லாம் வருகின்றன. தனிமை, ஏக்கம் என்று பெரிய வார்த்தைகளை அடுக்கியிருந்தால் அது யாருக்கும் சொந்தமாகியிருக்காது. அந்தக் கூடைப்பந்து வரியைக் கேட்டதும் எனக்கு எங்கள் பள்ளி மைதானம்தான் கண்முன் வரும்.

நியூயார்க் மாநிலத்தில் ப்ளாவெல்ட் என்ற சிற்றூரில் இருந்த 914 ஸ்டுடியோவில் பாட்டு பதிவானது. தயாரிப்பாளர் ப்ரூக்ஸ் ஆர்தர். இசை ரீதியாக எனக்கு முக்கியமாகப் படுவது இது: சோகம் என்றால் துயரம் தொனிக்கும் மைனர் ஸ்கேல் (சுர வரிசை), அழும் வயலின் என்று போகவில்லை. பொதுவாக மகிழ்ச்சியாக ஒலிக்கும் மேஜர் ஸ்கேல், நைலான் தந்தி கிதார், பிரேசிலின் போசா நோவா என்ற மென்மையான தாளம். இடையில் ட்ரம்பெட் போன்ற ஃப்ளூகல்ஹார்ன் என்ற ஊதுகருவி மென்மையாக வந்து போகிறது. குரலும் அழுவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலவே இருக்கிறது. மெட்டு அழாமல் இருப்பதால்தான் கேட்கிற நாம் அழுகிறோம் என்பது என் திடமான அபிப்பிராயம். இதையே உருகி உருகிப் பாடியிருந்தால் இரண்டாவது சரணத்திலேயே சலித்திருக்கும்.

அவர் புதுமுகம் இல்லை. கறுப்பினப் பையனைக் காதலிக்கும் வெள்ளைக்காரப் பெண்ணைப் பற்றிப் பதின்ம வயதிலேயே பாடிப் புகழையும் வசவையும் சேர்த்தே வாங்கியவர். அப்படிப்பட்டவரே இந்தப் பாட்டை ஆரம்பத்தில் மேடையில் கண்ணை மூடிக்கொண்டுதான் பாடினாராம், ஜனங்கள் சிரிப்பார்கள் என்ற பயத்தில்.

யாரும் சிரிக்கவில்லை. 1975-ல் அமெரிக்காவின் பிரபலப் பாடல்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் மூன்றாம் இடம், அடுத்த வருடம் இசைக்கான கிராமி விருது. காதலர் தினத்துக்கு ஒரு வாழ்த்து அட்டைகூட வராத வலியையும் அதில் பாடியிருந்தார் அல்லவா? 1977 காதலர் தினத்தில் அவருக்கு ரசிகர்களிடமிருந்து 461 அட்டைகள் வந்தன.